தழும்புக்கு அடியில் இருந்த மார்பு: வன்னியில் ஓர் எரிகாய நிகழ்வு

இதை அந்தப் பெண்ணின் எழுத்துமூலச் சம்மதத்துடன் எழுதுகிறேன். எழுதி முடித்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் சில மாற்றப்பட்டிருக்கின்றன. மருத்துவ விபரங்களில் கை வைக்கவில்லை. நான் அப்போது இலங்கையின் வடக்கே, வன்னியில் ஓர் அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் மருத்துவ அதிகாரியாக இருந்தேன்.

பின்னணி

2009 இன் தொடக்கம், போரின் கடைசி மாதங்கள். அப்போது அவருக்கு எட்டு வயது. குடும்பம் பல இடம் மாறி, கடைசியில் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தது. இரவு வெளிச்சத்துக்கு ஜாம் போத்தலில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கு. எல்லோரும் பங்கருக்கு ஓடியபோது யாருடையதோ கால் பட்டு விளக்கு சரிந்தது. கழுத்தின் வலது பக்கம், வலது நெஞ்சு, மேல்வயிற்றின் ஒரு பகுதி எரிந்தன.

போத்தல் விளக்கால் வரும் எரிகாயம் இலங்கையில் புதிய விஷயம் இல்லை. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இதைப் பார்த்துப் பார்த்துத்தான், சரிந்தாலும் உருண்டு போகாத, திருகு மூடி போட்ட கட்டையான கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்தார். 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இந்தக் கொட்டிலில் இருந்தது ஜாம் போத்தல்தான்.

அந்த நாட்களில் கிடைத்தது மருந்து கட்டுதல் மட்டுமே. தோல் ஒட்டுகிற நிலைமை எங்கும் இருக்கவில்லை. சில மாதங்களில் குடும்பம் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குப் போனது. தாய் வந்து சேரவில்லை; பிள்ளையை அம்மம்மாவும் சித்தியும் பார்த்துக்கொண்டார்கள். முகாமிலும் மருந்து கட்டிக் கட்டிப் புண் தானாக மூடியது. ஆழமான எரிகாயம் இப்படித் தானாக மூடும்போது, சுற்றியுள்ள தோலை நடுவுக்கு இழுத்துத்தான் மூடும். தடித்து இறுகிய தழும்பு அதன் விளைவு.

2013 இல், பன்னிரண்டு வயதில், கழுத்து இறுக்கத்தைத் தளர்த்த ஒரு பெரிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. கழுத்து நன்றாகவே வந்தது. அந்த நேரத்து மருத்துவக் குறிப்பை அம்மம்மா பொலித்தீன் பையில் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். முழுவதையும் வாசித்தேன். நெஞ்சில் தழும்பு உண்டு என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. வளரப் போகும் பிள்ளை, அந்தத் தழும்பு வளர்ச்சியைத் தடுக்குமா, எப்போது திரும்பக் காட்ட வேண்டும் என்று ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. கழுத்துக்கு வந்த பிள்ளைக்குக் கழுத்தைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

கிளினிக்குக்கு வந்த காரணம்

2023 ஆடி மாதம், 22 வயதில், எங்களிடம் வந்தார். முன்பள்ளி ஆசிரியை. துண்டில் எழுதியிருந்தது: “தழும்பில் வெடிப்பு, கடி.” தழும்பின் கீழ் விளிம்பில் ஒரு வெடிப்பு எட்டு மாதமாக ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. வியர்வை படும்போது எரியும் என்றார்.

தழும்பைப் பார்க்க உடையைத் தளர்த்தச் சொன்னபோது, தாதியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இன்னும் இழுத்து மூடினார். உள்ளாடையின் வலது பக்கத்துக்குள் பழைய வேட்டித் துணியை மூன்று மடிப்பாக மடித்துத் தைத்திருந்தார். தையல் மிக நேர்த்தி. பதினாறு வயதிலிருந்து இப்படித்தான் என்றார். ஏன் முதலே காட்டவில்லை என்று கேட்டேன். “ஒருத்தரும் கேக்கேல்ல டொக்டர். நெருப்பில போனது போனதுதானே எண்டு இருந்திட்டன்.”

வலது மார்பு எரிந்து அழிந்துவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவரும்தான்.

பரிசோதனையில் கண்டவை

முதலில் வெடிப்பு. பல வருடப் பழைய எரிகாயத் தழும்பில் ஆறாத புண் வந்தால், அது தோல் புற்றுநோயாக மாறியிருக்கக்கூடும். மார்ஜொலின் புண் என்று பெயர். அரிதுதான், ஆனால் பார்க்காமல் விடக்கூடாதது. விளிம்பில் சிறு துண்டு எடுத்து அனுப்பினோம். புற்றுநோய் இல்லை என்று வந்தது. மூன்று வாரம் மருந்து கட்டியதில் வெடிப்பு மூடியது.

அடுத்தது மார்பு. இரண்டு மார்பும் அச்சொட்டாக ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். சிறு வேறுபாடு பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, அதற்கு வைத்தியம் தேவையில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வேறுபாட்டுக்குத்தான் காரணம் தேட வேண்டும். வளர்ச்சியிலேயே ஒன்று சிறுத்திருக்கலாம். மார்பின் அடிப்பாகம் குறுகி, குழாய் போல வளர்ந்திருக்கலாம். நெஞ்சுத் தசையின் ஒரு பகுதி பிறப்பிலேயே இல்லாமல், அதோடு அந்தப் பக்கத்து விரல்களும் குட்டையாக இருக்கலாம். இதைப் போலந்து நோய்க்குறி என்பார்கள். முள்ளந்தண்டு வளைந்திருந்தாலும் ஒரு பக்கம் பெரிதாகத் தெரியும். இளம் பெண்ணுக்கு ஒரு மார்பு மட்டும் சில மாதங்களில் விரைவாகப் பெருத்தால் உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இவருக்குத் தழும்பு கண் முன்னே இருந்தது. அதற்காக மற்றவற்றைப் பார்க்காமல் விடவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்து அழுத்தச் சொன்னபோது நெஞ்சுத் தசை இரு பக்கமும் திடமாகத் திரண்டது. விரல்கள் சமம். முதுகு நேர். வலது தோள் மட்டும் சற்று முன்னால் வளைந்திருந்தது; அது பழக்கத்தால் வந்த கூனல்.

வலது பக்கத்தில் மார்பின் கீழ்மடிப்பே இல்லை. நெஞ்சிலிருந்து மேல்வயிறு வரை ஒரே தகடாகத் தழும்பு. காம்பு கீழே, வெளிப்பக்கமாக இழுபட்டிருந்தது. அதைச் சுற்றிய கருவட்டத்தின் வெளிப்பாதி தழும்பாகிவிட்டது, உட்பாதி நல்ல தோல். கழுத்தடியில் உள்ள நெஞ்சுக் குழியிலிருந்து காம்பு வரை அளந்தோம்: இடது 20.5 சென்டிமீற்றர், வலது 24. வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. தூக்கினால் தழும்பு வெளிறி இழுபடும்.

கையால் தொட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் மாறியது. தழும்புக்கு அடியில், தோளை நோக்கித் தள்ளப்பட்டு, மென்மையான திசு அசைந்தது. அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்தோம். இந்த வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மமோகிராமை (மார்பு எக்ஸ்ரேயை) விட ஸ்கானே பயன். வலது பக்கத்தில் பால் சுரப்பித் திசு தெளிவாக இருந்தது. இடதைவிடக் குறைவு, தட்டையாக அமுங்கியிருந்தது, ஆனால் இருந்தது. கட்டி எதுவும் இல்லை.

மார்பு வளர்வதற்கான மொட்டு காம்புக்கு அடியில், தோலை விட ஆழத்தில் இருக்கிறது. தோல் எரிந்தாலும் அந்த மொட்டு பல வேளைகளில் தப்பிவிடும். பருவ வயதில் அது வளரத் தொடங்கும். மேலே இருக்கும் தழும்பு விரிந்து கொடுக்காது. சிறிய சட்டிக்குள் வைத்த கன்று போல, இடம் இருக்கும் அளவுக்கு வளர்ந்து நின்றுவிடும். சரியான நேரத்தில் தழும்பை வெட்டித் தளர்த்தி, அந்த இடைவெளியில் தோல் ஒட்டினால் மார்பு தானாக எழும்பி வரும். இவருக்கு அந்தச் சரியான நேரம் ஏறத்தாழ பத்து வருடத்துக்கு முன் போய்விட்டது.

ஸ்கான் ரிப்போட்டை விளக்கியபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றுதான்: “அப்ப அது உள்ளுக்கு இருக்கோ?”

யார் எதை விரும்பினார்கள்

அடுத்த முறை சித்தியும் கூட வந்தார். கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. “டொக்டர், சிலிக்கன் வைச்சா ஒரே நாளில சரியாகிடுமாமே. சுவிஸில இருக்கிற தம்பி காசு அனுப்புறன் எண்டு சொல்லிட்டான். சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.” சித்தியைக் குறை சொல்ல முடியாது. தாய் இல்லாத பிள்ளையை மாப்பிள்ளை வீடு ஏதும் சொல்லிவிடுமோ என்ற பயம் அவருக்கு.

சித்தியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தனியாகக் கேட்டேன். மூன்று சொன்னார். கையைத் தூக்கி முன்பள்ளிக் கரும்பலகையின் மேல் வரியில் எழுத வேண்டும். தழும்பு வெடிக்கக் கூடாது. பிள்ளை பிறந்தால் பால் கொடுக்க ஏலுமா என்று தெரிய வேண்டும். இரண்டும் ஒரே அளவாக வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நான் எடுத்துச் சொன்ன பிறகுதான், “அதுவும் வந்தா நல்லம்” என்றார்.

இந்த வரிசையை அப்படியே பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணருக்கு அனுப்பிய மேற்கடிதத்தில் எழுதினேன். இந்த நிகழ்வில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். “மார்புச் சமமின்மை, சத்திரசிகிச்சைக்காக” என்று மட்டும் எழுதியிருந்தால், அங்கே பேச்சு அளவைப் பற்றித்தான் தொடங்கியிருக்கும்.

மேசையில் இருந்த வழிகள்

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் எல்லா வழியையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஏன் இவருக்குப் பொருந்தும், ஏன் பொருந்தாது என்று கிளினிக் கொப்பியில் சுருக்கமாகக் குறித்திருந்தார். அதை வைத்தும் அவர் தொலைபேசியில் சொன்னதை வைத்தும் எழுதுகிறேன்.

சிலிக்கன் உள்வைப்பு: நல்ல, தளர்ந்த தோல் மேலே இருந்தால்தான் அது பொருந்தும். இறுகிய தழும்புக்கு அடியில் வைத்தால் தோல் மெலிந்து, உள்வைப்பு வெளியே வந்துவிடும் ஆபத்து அதிகம். தொற்று வந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். அது ஆயுள் முழுக்க இருக்கும் பொருளும் இல்லை. சுற்றிலும் உறை இறுகலாம், கசியலாம், ஒருநாள் மாற்ற வேண்டி வரலாம். 22 வயதில் வைத்தால் மிச்ச ஆயுளில் எத்தனை முறை? சித்திக்குப் புரிந்தது இந்தக் கேள்விதான்.

தோலுக்கு அடியில் ஒரு பை வைத்து, அதில் உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித் தோலை விரிக்கும் முறை: அதற்கும் நல்ல தோல் வேண்டும். தவிர மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இவருடைய ஊரிலிருந்து பரந்தன் வந்து, ஏ9 பிரதான வீதியில் பஸ் மாறிப் போக மூன்று மணித்தியாலத்துக்கு மேல்.

முதுகுத் தசையைத் தோலோடு திருப்பி முன்னால் கொண்டுவருவது: திசுவே இல்லாத இடத்துக்கு மிக நல்ல முறை. இவருக்குத் திசு இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் அள்ளி, வயலுக்கும் போகிற பெண்ணின் முதுகுத் தசையைத் தேவையில்லாமல் எடுப்பானேன். வயிற்றுத் தசையை எடுப்பது இன்னும் பொருந்தாது. பிள்ளை பெற இருப்பவரின் வயிற்றுச் சுவர் பலவீனப்படும்.

கொழுப்பை உறிஞ்சி எடுத்து ஊசியால் நிரப்புவது: தழும்பையும் மென்மையாக்கும். ஆனால் வைத்ததில் கணிசமான பகுதி கரைந்துவிடும், ஒருமுறையோடு முடியாது. இறுக்கத்தை அவிழ்த்த பிறகு யோசிக்கலாம்.

இடது மார்பைச் சிறிதாக்கி வலதுக்குச் சமப்படுத்துவது: சமமின்மைக்குப் பரவலாகச் செய்வதுதான். இவருக்கு ஒழுங்காகப் பால் சுரக்கப்போகும் மார்பு அந்த ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், அதில் கத்தி வைப்பது சரியில்லை. குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் பால் கொடுப்பது சிலருக்குத் தடைப்படும். கர்ப்பத்தில் மார்பின் அளவு எப்படியும் மாறும். அது பிறகு பார்க்க வேண்டியது.

ஒன்றும் செய்யாமல், அளவான திணிப்பு வைத்த உள்ளாடையோடு இருப்பதும் ஒரு வழி. நிபுணர் அதையும் சொன்னார். நல்ல பழக்கம்.

எடுத்த முடிவு

தழும்பைத் தளர்த்தித் தோல் ஒட்டுவது, காம்பை இயன்ற அளவு அதன் இடத்துக்கு விடுவிப்பது, இடது மார்பைத் தொடுவதில்லை. அளவு வேறுபாடு மிஞ்சும் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டது. அவர் ஒத்துக்கொண்டார். சித்திக்கு முழுத் திருப்தி இல்லை.

முன் ஏற்பாட்டில் இரண்டு விஷயங்கள் நாளைத் தள்ளின. ஹீமோகுளோபின் 9.2 தான் இருந்தது; இரும்புச் சத்து மாத்திரையும் குடற்புழுவுக்குப் பூச்சி மருந்தும் கொடுத்து, இரண்டு மாதத்தில் 11.4 ஆனது. அடுத்தது கழுத்து. பழைய தழும்பால் கழுத்து முழுதாக நிமிராவிட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போது சுவாசக் குழாய் போடுவது சிக்கலாகும். அதனால் மயக்க மருந்து நிபுணர் முன்கூட்டியே அழைத்துப் பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு அவர் தானே சொன்னார். யாரிடமும் கேட்காமல், போனில். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, கலியாணம் நின்றுபோகவில்லை.

சத்திரசிகிச்சையும் பிறகும்

2024 தை மாதம் நடந்தது. நான் கூட இருக்கவில்லை, குறிப்பிலிருந்து சொல்கிறேன். கீழ்மடிப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் வளைவாக வெட்டி, தழும்பை அடியோடு பிரித்தார்கள். வெட்டியது ஒரு கோடு. பிரித்து முடிந்தபோது 17க்கு 8 சென்டிமீற்றர் திறந்த இடம். அத்தனை தோல் அந்த உடம்பில் குறைவாக இருந்திருக்கிறது. அமுங்கிக் கிடந்த சுரப்பித் திசு முன்னுக்கு வந்தது. அதில் ஒரு துளியும் வெட்டி எடுக்கவில்லை. தொடையிலிருந்து சற்றுத் தடித்த தோல் ஒட்டு எடுத்து வைத்தார்கள். மெல்லிய ஒட்டு இலகுவாகப் பிடிக்கும், ஆனால் பிறகு அதிகம் சுருங்கும். முழுத் தடிப்புத் தோல் குறைவாகச் சுருங்கும், ஆனால் இவ்வளவு பெரிய இடத்துக்கு எடுக்க முடியாது. இது இடைப்பட்ட முடிவு.

ஐந்தாம் நாள் கட்டு அவிழ்த்தபோது ஒட்டு முழுதாகப் பிடித்திருந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். விடுதியில் கட்டில் நெருக்கடி, விட்டதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் வந்தது பஸ்ஸில், அப்புறம் கிரவல் றோட்டில் ஓட்டோவில். மறுநாள் எங்களிடம் வந்தபோது கட்டு நனைந்திருந்தது. வெளிப்பக்க விளிம்பில் ஒட்டு நழுவி, அதன் கீழே இரத்தம் கட்டியிருந்தது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டி, நாலு வாரத்தில் அந்த இடம் மூடியது. தழும்பு மறுபடி தடித்திருப்பதும் அந்த இடத்தில்தான். தொடைக் காயம் இரண்டு வாரத்தில் ஆறியது. அதுதான் அதிகம் நொந்தது என்று இன்றும் சொல்கிறார்.

சரி, அழுத்த ஆடை. ஒட்டும் தழும்பும் தடிக்காமல் இருக்க, ஒரு நாளைக்கு 23 மணித்தியாலம் வீதம், ஒரு வருடம் வரை போட வேண்டும். வன்னியில் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் நாற்பது பிள்ளைகளோடு நின்று பாட்டுப் படிப்பிக்கிற ஒருவரிடம் இதைச் சொன்னேன். “சரி டொக்டர்” என்றார். மூன்றாம் மாதம் ஆடை புதிதாகவே இருந்ததைப் பார்த்துத்தான் உண்மை கேட்டேன். இரவில் மட்டும் போட்டிருக்கிறார். கோபிக்கவில்லை. இரவு முழுவதும், பின்னேரம் வீட்டுக்கு வந்ததிலிருந்து என்று மாற்றினோம். பகலில் தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கன் தகடு. அதைக் கடைப்பிடித்தார்.

ஒரு வருடம் கழித்து

நெஞ்சுக் குழியிலிருந்து காம்பு வரை வலது 22 ஆனது, முன்பு 3.5 சென்டிமீற்றர் இருந்த வித்தியாசம் 1.5. ஒட்டு சற்றுச் சுருங்கி, புதிய கீழ்மடிப்பு இடதைவிட மேலே நிற்கிறது. வலது மார்பு சிறிதாகவே இருக்கிறது. ஒட்டின் நிறம் வேறு. கை முழுதாகத் தூக்குகிறார். வெடிப்பு திரும்ப வரவில்லை. வேட்டித் துணி மூன்று மடிப்பிலிருந்து ஒரு மடிப்பாகக் குறைந்தது. எங்களுடைய எல்லா அளவையும் விட அது தெளிவான கணக்கு.

2024 ஆவணியில் கலியாணம். 2025 இன் இறுதியில் பெண் குழந்தை. பால் சுரக்கும் நேரம் வலது பக்கம் என்ன செய்யும் என்பது எங்களுக்குப் பதற்றமாகவே இருந்தது. சுரப்பி இருந்து, காம்பின் குழாய்கள் தழும்பால் அடைபட்டிருந்தால் பால் வெளியேற வழியில்லாமல் கட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் அப்படியே வலது பக்கம் கல்லாகியது. காய்ச்சல் வரவில்லை. குளிர் ஒத்தடம், வலி மாத்திரை; உட்பாதியிலிருந்து கையால் சிறிது பால் வந்தது. குழந்தை அந்தக் காம்பைப் பிடிக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் அடங்கியது. குழந்தை இடது மார்பில் மட்டும் குடித்தது. ஒரு மார்பு ஒரு குழந்தைக்குப் போதும். குடும்பநல உத்தியோகத்தர் நிறுத்தபோது எடை வரைபடத்தில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது.

எதை மாற்றுவோம்

பெரிய பிழை 2013 இல் நடந்தது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதற்குப் பின் பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கிறது. எங்கள் வைத்தியசாலைக்கே காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் பலமுறை வந்திருக்கிறார். இலங்கையில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆம் தரங்களில் நடக்கிறது. 7 ஆம் தரம் என்றால் சரியாகப் பன்னிரண்டு வயது. ஆனால் அது வகுப்பறையில், வரிசையில், சீருடையோடு நடப்பது. கழுத்துத் தழும்பு கொலருக்கு மேல் தெரியும். கீழே என்ன என்று யார் கேட்பது? அந்த இடத்தில் உடையைக் களையச் சொல்லவும் கூடாது. சட்டைக்கு அடியில் எரிகாயத் தழும்பு உண்டா என்று தாயிடமோ பொறுப்பானவரிடமோ ஒரு கேள்வி போதும்; ஆம் என்றால் பெண் மருத்துவர் இருக்கும் கிளினிக்குக்கு, வீட்டார் ஒருவரோடு வரச் சொல்லி ஒரு துண்டு.

எங்கள் மருந்து கட்டும் அறையின் எரிகாயப் பதிவுப் புத்தகத்தில் இப்போது ஒரு நிரல் கூடியிருக்கிறது. நெஞ்சு எரிந்த பெண் பிள்ளையாக இருந்தால், ஒன்பது வயதிலிருந்து வருடம் ஒருமுறை திரும்பப் பார்க்கும் திகதி அதில் எழுதப்படும். புதிய எரிகாயமாக இருந்தால், புண்ணைச் சுத்தம் செய்யும்போது காம்புக்கு அடியில் உள்ள திசுவை எடுக்க வேண்டாம் என்று மேற்கடிதத்திலேயே குறிக்கிறோம்.

தோல் ஒட்டு வைத்த தூரத்து நோயாளரை நேரே வீட்டுக்கு விடாமல், முதலில் எங்கள் விடுதிக்கு மாற்றி நாலைந்து நாள் வைத்திருக்கலாம் என்று சத்திரசிகிச்சை செய்த பெரிய வைத்தியசாலையோடு பேசினோம். ஒத்துக்கொண்டார்கள். இதுவரை இருவர் அம்புலன்ஸில் அப்படி வந்திருக்கிறார்கள்.

அழுத்த ஆடைக்கு இன்னும் வழி தெரியவில்லை. அளவெடுக்கவும் சரிபார்க்கவும் ஒவ்வொரு தடவையும் ஏ9 ஏற வேண்டியிருக்கிறது, வெயிலை ஒன்றும் செய்ய முடியாது.

கொழுப்பு நிரப்புவது பற்றிப் பேச அவருக்கு நிபுணர் ஒரு திகதி கொடுத்திருந்தார். போகவில்லை. குழந்தை பால் மறக்கட்டும், சிறுபோக வெட்டும் முடியட்டும், பிறகு யோசிப்பம் என்றார். கிளினிக் கொப்பியில் அந்தத் திகதியை வெட்டாமல், பக்கத்தில் “நோயாளர் பின்னர் அறிவிப்பார்” என்று எழுதி வைத்திருக்கிறேன்.